எல்லையில் கேட்கும் கரிக்கணக்கு

2024 ஆடி மாசம் கோயம்புத்தூரிலிருந்து அக்கா மகன் போன் பண்ணினான். "மாமா, இயற்கைச் சான்றிதழுக்கு நோட்டுப் போட்டு எழுதுவீங்கல்ல, அந்தப் பழக்கத்தோட இங்க ஒரு நடை வந்துட்டுப் போங்க" என்றான். போல்ட்டு, நட்டு செய்யும் பட்டறை அவனுக்கு. 22 பேருக்கு வேலை. சரக்கு வாங்கும் ஜெர்மனிக்காரர் ஒரு எக்செல் படிவம் அனுப்பி, ஒரு டன் போல்ட்டுக்கு எத்தனை டன் கரியமில வாயு என்று கேட்டிருந்தார். எண் இல்லையென்றால் அடுத்த ஆர்டரும் இல்லை.

விஷயம் இதுதானுங்க. ஐரோப்பிய ஒன்றியத்தில் எஃகு ஆலைகள் தாங்கள் விடும் புகைக்குக் காசு கட்ட வேண்டும். வெளியே செய்து கொண்டுவரும் சரக்கு மட்டும் தப்பிக்கக் கூடாது என்று எல்லைக் கரிம வரியைக் கொண்டுவந்தார்கள். இரும்பு எஃகு, அலுமினியம், சிமெண்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் இதில் வருகின்றன. 2023 அக்டோபர் முதல் 2025 முடிய வெறும் கணக்கு. 2026 முதல் போகும் சரக்குக்குப் பணம். கட்டுவது அங்கே இறக்குமதி செய்பவர். எண் தர வேண்டியவன் இங்கே பட்டறையில் இருப்பவன். முதலில், தெரியாதவர்கள் பொது எண்ணைப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். அந்தச் சலுகை அந்த ஜூலையோடு முடிந்தது. அதனால்தான் எனக்குப் போன்.

நான் செய்த முதல் தப்பு, துறைமுகத்துக்குப் போன லாரி டீசலையும் சேர்த்து எழுதியது. வண்டிக் கணக்கு இதில் சேராது. உற்பத்தியில் எரிந்ததும், வாங்கிய மூலப்பொருள் சுமந்து வந்ததும்தான் கணக்கு.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 100 டன் போல்ட்டுக்கு 108 டன் கம்பி வாங்குகிறோம். 8 டன் கழிவாகப் போகிறது. ஆனால் அதன் புகையும் போல்ட்டின் தலையில்தான். கம்பி செய்த ஆலை டன்னுக்கு 2.4 டன் வாயு விட்டிருந்தால் 259 டன். சூளைக்கு 6 டன் எல்பிஜி எரித்தால், கிலோவுக்கு 3 கிலோ வீதம் 18 டன். மொத்தம் 277, ஒரு டன் போல்ட்டுக்கு 2.77. 2025 முடிய கரண்ட்டையும் எழுதித் தர வேண்டியிருந்தது, ஆனால் எஃகுக்குப் பணம் கேட்பது நேரடிப் புகைக்கு மட்டும்தான்.

பாருங்க, நூற்றில் 93 பங்கு கம்பியிலேயே இருக்கிறது. சூளையை எப்படி மாற்றினாலும் பெரிசாகக் குறையாது. அதே கம்பி பழைய இரும்பை மின் உலையில் உருக்கி வந்து, டன்னுக்கு 0.5 தான் என்றால் நம் எண் 0.72 ஆகிவிடும். ஆக, கேள்வி பட்டறையில் இல்லை, கம்பி எந்த ஆலையிலிருந்து வந்தது என்பதில் இருக்கிறது.

அங்கேதான் சிக்கல். மாப்பிள்ளை வாங்குவது வியாபாரியிடம். அவர் நாலு ஆலைக் கம்பியைக் கலந்து அடுக்கி வைப்பவர். கேட்டால், "கம்பி நல்லாத்தானே இருக்கு?" என்கிறார். ஆலையின் எண் கிடைக்காவிட்டால் அவர்களே ஒரு எண்ணைப் போட்டு, 2026 முதல் அதன்மேல் கூடுதல் சதவீதமும் ஏற்றுகிறார்கள். சுத்தமான கம்பி வாங்கினவனும் அழுக்குக் கம்பிக்குரிய காசைச் சுமக்க வேண்டியதுதான். பக்கத்துத் தோட்டத்து எரு எங்கிருந்து வந்தது என்று சான்றிதழ்க்காரர் கேட்கும்போது நாம் விழிப்போமே, அதே கதை.

இருநூறு வருஷம் கரி எரித்தவர்கள் இன்று சின்னப் பட்டறைக்காரனிடம் கணக்குக் கேட்பது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. உள்நாட்டிலேயே கரிம விலை கட்டியிருந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்று சட்டம் சொல்கிறது. அப்படியானால் அந்தக் காசாவது இங்கே தங்கும்.

நம் பத்திரிகையில் இது எதற்கு என்றால், பட்டியலில் உரமும் இருக்கிறது. யூரியாவுக்கான அமோனியா பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. நைட்ரேட் உரத்துக்கான நைட்ரிக் அமிலம் செய்கையில் நைட்ரஸ் ஆக்சைடு வரும். கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 270 மடங்கு சூடேற்றும் வாயு அது. ஆலைக்குள் வருவதை எண்ணுகிறார்கள். அதே உரத்தை வயலில் போட்ட பிறகு மண்ணிலிருந்து கிளம்பும் நைட்ரஸ் ஆக்சைடு இந்தக் கணக்கில் இல்லை. கணக்கு ஆலை வாசலோடு நின்றுவிடுகிறது.

மாப்பிள்ளை இப்போது கம்பிச் சுருள் வந்ததும் ஆலைச் சான்றில் உள்ள உருக்கு எண்ணைச் சாயத்தால் சுருளில் எழுதி, ஆலைவாரியாகத் தனித்தனியே அடுக்குகிறான். இரண்டு ஆலைகள் எண் கொடுத்துவிட்டன. மூன்றாவது ஆலைக்கு மூன்றாவது கடிதம் போயிருக்கிறது.