பல் டாக்டரைக் கண்டாலே ஓங்காளம்

கேள்வி: வாயில் கண்ணாடியை வைத்ததுமே என் எட்டு வயது மகன் ஓங்காளிக்கிறான். சூத்தைப் பல்லைப் பார்க்கவே விடுகிறானில்லை. என்ன செய்வது?
– ஓர் உம்மா, மருதமுனை

பதில்: தயவுசெய்து அவனை ஏசாதீர்கள், சகோதரி. இது அடமில்லை. அடிநாக்கிலோ உள்ளண்ணத்திலோ ஏதும் பட்டால் தொண்டை தானாகச் சுருங்கும். பயம் அதைக் கூட்டும்.

இரவில் பல் துலக்கும்போது மென்மையான பிரஷ்ஷை நுனிநாக்கில் வையுங்கள். மெல்லப் பின்னால் நகர்த்தி, ஓங்காளம் வரும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்தி, மூக்கால் மூச்செடுக்கச் சொல்லுங்கள். நாள்போக்கில் அந்த எல்லை உள்ளே தள்ளிப்போகும். அவசரப்படுத்தினால் எல்லாம் கெட்டுவிடும்.

வயிறு முட்டச் சாப்பிட்ட கையோடு கூட்டிப்போக வேண்டாம். தடிமன், மூக்கடைப்பு என்றால் மாறிய பிறகு போங்கள். கதிரையில் ஏறுமுன் டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். நிமிர்த்தி உட்காரவைத்துப் பார்ப்பார். கண்ணாடி உள்ளே போகும்போது ஒரு காலைத் தூக்கிப் பிடித்துப் பெருவிரலை ஆட்டச் சொல்லுங்கள். கவனம் காலுக்குப் போனால் தொண்டை இளகும்.

பாடசாலைப் பற்சிகிச்சையாளர்கள் 3 முதல் 13 வயதுப் பிள்ளைகளைப் பார்க்கவென்றே பயிற்சி பெற்றவர்கள். கட்டணமில்லை. முதலில் அவர்களிடம் காட்டுங்கள். சோறு விழுங்கும்போதும் ஓங்காளித்தால் தொண்டையையும் ஒரு டாக்டர் பார்க்க வேண்டும்.