மதனகாமப்பூ

நம் ஒரத்தநாட்டு வயல்களில் நெற்பயிர் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே மணி பிடிக்கும். அதற்குத் தூது வேண்டுவதில்லை. வரப்போரப் பனையிலோ ஆணும் பெண்ணும் வெவ்வேறு மரங்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலுள்ள சைகஸ் மரமும் அத்தகையதே. பனையின் சாயலுடையதாயினும் அது பனையினமன்று; பூக்கும் செடிகள் தோன்றுமுன்னரே உலகிலிருந்த விதைத் தாவரக் குலத்தது.

இக்குலத்தில் காற்றே மகரந்தத்தைச் சுமப்பதாக அறிஞர் நெடுங்காலம் கருதினர். மெக்ஸிகோவுக்குரிய சாமியாவில் கூன்வண்டுகளே அவ்வேலையைச் செய்வது 1986-ல் விளக்கப்பட்டது. 2007-ல் வெளிவந்த ஆஸ்திரேலிய மக்ரோசாமியாவின் செய்தி இன்னும் விந்தையானது. நண்பகலில் அதன் ஆண் கூம்பு சூடேறிக் கடுநாற்றம் வீசும். அது பொறாத இலைப்பேன்கள் மகரந்தம் படிந்த உடலோடு வெளியேறும். மணம் மட்டாயிருக்கையில் பெண் கூம்பிலும் புகும். விருந்தினரை விரட்டியே தூதராக்கும் இவ்வுபாயத்தை என்னென்பது! சைகஸிலோ சூல்கள் சிற்றோலை போன்ற உறுப்பின் விளிம்பில் திறந்திருத்தலின், காற்றுக்கும் பங்குண்டெனக் கொள்ள இடமுண்டு.

நாட்டு மருந்துக் கடைகளில் மதனகாமப்பூ என்று விற்கப்படுவது பூவன்று. அருகிவரும் இச்சைகஸின் ஆண் கூம்புச் செதிலே. மகரந்தம் உதிருமுன் கூம்பை அறுத்துவிட்டால் பூச்சிக்குப் புகலிடமில்லை, காற்றுக்குச் சுமையில்லை. அண்டையிலுள்ள பெண் மரம் முளைக்கும் விதையின்றி நிற்கும்.