கடலிற் கசியும் எண்ணெயும் அதனால் விளையும் கேடும்

2020 ஆம் ஆண்டு செப்டெம்பர் 3 ஆந் திகதி, ஏறத்தாழ 270,000 தொன் மசகெண்ணெய் ஏற்றிச் சென்ற 'நியூ டயமண்ட்' என்னுங் கப்பல், சங்கமன்கண்டிக்குக் கிழக்கே கடலில் தீப்பற்றியது. கப்பற் பணியாளர் ஒருவர் உயிரிழந்தார். ஏற்றிய மசகெண்ணெய் கடலிற் கலவாது தப்பியது. கப்பலின் எரிபொருள் மட்டுமே கசிந்தது.

அத்தகைய எண்ணெய் திருகோணமலையின் கொட்டியாரக்குடாவினுட் புகுமாயின் விளைவு யாது? எண்ணெய் நீரின்மேற் படலமாய்ப் பரவும். அது படிந்த இறகு நீரை விலக்குந் தன்மையை இழப்பதால், பறவை நனைந்து, பறக்கவும் மிதக்கவும் இயலாது மடியும். மூச்செடுக்க மேலே வரும் ஆமை எண்ணெயை விழுங்கும். கண்டல் மரங்களின் மூச்சுவேர்கள் அடைபட, மரங்கள் பட்டுப்போகும். அவற்றின் அடியில் வளரும் இறாற்குஞ்சும் மீன்குஞ்சும் அழியும். ஆதலால் ஒருநாட் கசிவு பின்வரும் பருவங்களின் பிடியையுங் குறைத்து, மீனவர் குடும்பங்களை வறுமையில் ஆழ்த்தும்.

எண்ணெய்ப் படலங் கண்டவிடத்து வலை வீசலாகாது. வெறுங்கையால் அதனை அள்ளலாகாது. சவர்க்காரத்தூள் தூவுதலுந் தவறு. எண்ணெய் கண்ணுக்கு மறையுமேயன்றி நீரைவிட்டு நீங்காது. அவ்விடத்து மீனை உண்ணாமலும் விற்காமலும், கடற்றொழிற் பரிசோதகருக்கு உடனே அறிவித்தல் வேண்டும்.

பெருங்கப்பலின் விபத்தைத் தடுத்தல் மீனவர் கையில் இல்லை. படகு இயந்திரத்தின் கழிவெண்ணெயைக் கடலில் ஊற்றாது, தகரத்திற் சேர்த்துக் கரைக்குக் கொணர்தல் அவர் கையிலேயே உளது.