கிருமிக்கு வெளிச்சம் எட்ட வேண்டும்

எட்டாம் வகுப்பில் நீர், நுண்ணுயிரிகள் பாடங்களை நடத்தும்போது, கிருமிநீக்கம் என்றதும் நம் செங்கல்பட்டு மாவட்டப் பிள்ளைகள் 'பிளீச்சிங் பவுடர்' என்பார்கள். வீட்டுக் குடிநீர்க் கருவியில் 'யு.வி.' என்ற எழுத்தைப் பார்த்திருப்பார்கள். அதே புற ஊதாக் கதிர் கழிவுநீருக்கும் பயன்படுவது அவர்களுக்குப் புதிது.

குளோரின் மலிவானது. ஆனால் மாமல்லபுரம் போன்ற கடலோரத்தில், கழிவுநீரில் எஞ்சிய குளோரின் பக்கிங்காம் கால்வாயிலோ கடலிலோ கலந்தால் மீன்குஞ்சுகளுக்கு நஞ்சு. புற ஊதாக் கதிர் நீரில் எதையும் சேர்ப்பதில்லை. 254 நானோமீட்டர் அலைநீளக் கதிர், கிருமியின் டி.என்.ஏ.வில் அடுத்தடுத்துள்ள தைமின்களைப் பிணைத்துவிடும். கிருமியால் பெருக முடியாது. "கதிர் கிருமியை எரிக்கிறது" என்று மாணவர் எழுதினால் திருத்துங்கள்.

1992இல் சென்னையில் முதலில் தென்பட்ட ஓ139 என்ற புதுவகைக் காலராக் கிருமி, வங்கம்வரை பரவிப் பல உயிர்களைப் பறித்தது. அதைக் கண்டு, கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் பணியாற்றிய இந்திய இயற்பியலாளர் அசோக் காட்கில் எளிய புற ஊதாக் குடிநீர்க் கருவியை உருவாக்கினார். நிமிடத்துக்குச் சுமார் 15 லிட்டர். விளக்கு நீருக்கு மேலே தொங்கும். அதனால் அழுக்குப் படலம் படியாது. கழிவுநீர் நிலையங்களிலோ விளக்குகள் பெரும்பாலும் குவார்ட்சு உறைக்குள் நீரில் மூழ்கியிருக்கும். உறையைத் துடைக்காவிட்டால் மின்சாரம்தான் வீண்.

இதை வகுப்பில் காட்டலாம். ரூபாய்த்தாள் சோதிக்கும் யு.வி. டார்ச் ஒன்று போதும். அறையை இருட்டாக்கி, தெளிந்த நீருள்ள கண்ணாடித் தம்ளர் வழியே ஒளியைத் தாளின் எண்கள்மீது பாய்ச்சினால் அவை ஒளிரும். சேற்று நீர் வழியே பாய்ச்சினால் ஒளிராது. துணியில் வடிகட்டியபோது எங்கள் வகுப்பில் பெரிய மாற்றமில்லை. படிகாரம் போட்டுத் தெளியவைத்த பிறகே எண்கள் தெரிந்தன. படியவைத்தல், வடிகட்டல் எல்லாம் முடிந்து கடைசியில் கதிர் ஏன் வருகிறது என்பதை அதன்பின் நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

டார்ச் ஒளியைக் கண்ணில் அடிக்கக் கூடாது. அந்த ஒளி கிருமியைக் கொல்லாது என்பதையும் சொல்லிவிடுங்கள். கிருமிநீக்கும் யு.வி.சி. விளக்கு கண்ணையும் தோலையும் புண்ணாக்கும். வகுப்பறைக்கு வேண்டவே வேண்டாம்.

"அப்புறம் கிருமி திரும்ப வராதா சார்?" என்று யாராவது கேட்பார்கள். வரும். குளோரின்போல நீரிலேயே தங்கிக் காவல் காக்க இதனால் முடியாது. எனவே, விடுதிகளில் இப்படிச் சுத்திகரித்த நீரை மூடிய தொட்டியில் வைத்து, தாமதமின்றித் தோட்டத்துக்குப் பாய்ச்சிவிட வேண்டும்.