மன இறுக்கமும் அதைத் தளர்த்தும் வழியும்



நம் வண்டலூரில் காலை ஆறு மணிக்கே வீடுகளில் குரல் உயரத் தொடங்கிவிடுகிறது. பட்டணத்துக்கு மின்சார ரயில் பிடிக்க ஓடுகிறவர் ஒருவர். ஒரகடம் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு முடித்து அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர் ஒருவர். கேளம்பாக்கம் சாலை வழியே கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகும் மகளுக்கு வண்டி வந்து ஹாரன் அடிக்கிறது. பிள்ளையின் காலுறை ஒன்றைக் காணோம். அடுப்பில் பால் பொங்குகிறது. கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பர் 30-ஆம் தேதி புதிய பேருந்து நிலையம் திறந்தபின், பண்டிகைக்கு முந்திய நாளில் ஜி.எஸ்.டி. சாலையைக் கடப்பவர் படும் பாட்டை நான் சொல்ல வேண்டியதில்லை. மழைக்காலம் வந்தாலோ வேறொரு பயம். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வெள்ளம் புகுந்ததைக் கண்டவர்களுக்கு, இரவில் மழைச் சத்தம் கேட்டால் தூக்கம் போய்விடுகிறது.

இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து "டென்ஷன்" என்று ஒரே பெயர் வைத்திருக்கிறோம். அது என்ன, அதை எப்படித் தளர்த்துவது என்பதே இந்த வாரப் பாடம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக அறிந்துகொள்ளுங்கள். மன இறுக்கம் பாவமுமல்ல, விசுவாசக் குறைவுமல்ல. அது சரீரம் தன் வேலையைச் செய்வதன் அடையாளம். தெருவில் நாய் துரத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் யோசித்து முடிக்குமுன்னே, சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின் என்னும் திரவத்தை இரத்தத்தில் விடுகின்றன. அதைத் தொடர்ந்து கார்ட்டிசால் என்பதும் சேர்கிறது. இருதயம் விரைந்து துடிக்கிறது, மூச்சு வேகமாகிறது, ஜீரணம் தன் வேலையைச் சற்று நிறுத்திவைக்கிறது, கை கால்களுக்கு இரத்தம் பாய்கிறது. ஓடிப் பிழைக்கிறீர்கள். நாய் போனதும் எல்லாம் அடங்குகிறது. எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு, பாருங்கள்!

ஆனால் கடன் தவணை, நாய்போல் வந்துவிட்டுப் போவதில்லை. மேலதிகாரியின் கோபமும், பிள்ளையின் பரீட்சையும், மாமியாரின் நோயும் அப்படியே. சரீரமோ நாய்க்கும் தவணைக்கும் வித்தியாசம் அறியாது. மாண்ட்ரியல் நகரில் ஆராய்ச்சி செய்த ஹான்ஸ் செலியே என்னும் மருத்துவர், எலிகளுக்குக் குளிர், காயம், விஷம் என்று எந்தத் துன்பம் நேர்ந்தாலும் உடம்பு ஒரே விதமாகத்தான் பதில் சொல்கிறது என்று 1936-இல் எழுதினார். அவற்றின் அட்ரினல் சுரப்பிகள் வீங்கின. வயிற்றில் புண் கண்டது. நமக்கும் அபாயமணி ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தால் தலைவலி, வயிற்றெரிச்சல், தூக்கமின்மை, இரத்த அழுத்தம் என்று ஒவ்வொன்றாய்த் தலைகாட்டுகின்றன.

ஆகவே நம் கேள்வி, "கஷ்டமே இல்லாமல் வாழ்வது எப்படி?" என்பதல்ல. அது இவ்வுலகில் யாருக்கு வாய்த்தது? "அபாயம் நீங்கிற்று, இனி இளைப்பாறலாம்" என்று தினமும் சில முறையாவது நம் சரீரத்துக்கு அறிவிப்பது எப்படி? இதுதான் கேள்வி.

தாம்பரத்துக்கு அடுத்த ஸ்டேஷனின் பெயரைத் தினமும் உச்சரிக்கிறோம்: சானடோரியம். காசநோயாளிகள் இளைப்பாறிச் சுகமடைவதற்காக டாக்டர் சவுரிமுத்து 1928-இல் அங்கே ஒரு மருத்துவ நிலையத்தை நிறுவினார். இங்கிலாந்தில் இத்தகைய நிலையம் நடத்திப் பழகியவர் அவர். சுத்தமான காற்று, நல்ல ஆகாரம், ஒழுங்கான ஓய்வு, இவைதாம் அன்று கையிலிருந்த சிகிச்சை. பின்னால் மருந்துகள் வந்தன. சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், சானடோரியத்தில் வைத்து மருந்து கொடுத்தவர்களையும், நெருக்கடியான ஏழை வீடுகளிலேயே வைத்து மருந்து கொடுத்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தார்கள் என்று 1959-இல் வெளியிட்டது. உலகமே அதைக் கவனித்தது.

காசநோய் வேறு, மனக்கவலை வேறு, அறிவேன். ஆயினும், மருந்து தேவைப்படும் நோய்க்கு ஓய்வு மட்டும் போதாது என்பதும், குணமடைவதற்கு மலைப்பிரதேசம் போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை என்பதும் இதிலிருந்து நமக்குக் கிடைக்கிற பாடம். கொடைக்கானலுக்கு மூன்று நாள் போய்வர ஆகும் செலவே சில குடும்பங்களுக்குப் புது டென்ஷன்!

வீட்டிலும் ரயிலிலும் செய்யக்கூடிய முதல் காரியம் மூச்சு. மனம் சொன்னால் இருதயம் கேட்பதில்லை. ஆனால் மூச்சு நாம் சொன்னபடி கேட்கும், மூச்சு சொன்னால் இருதயம் கேட்கும். நான்கு எண்ணும்வரை மூச்சை உள்ளே இழுங்கள், ஆறு எண்ணும்வரை மெல்ல வெளியே விடுங்கள். இப்படி நிமிடத்துக்கு ஆறு மூச்சு ஆகும். வண்டலூரில் ஏறி பெருங்களத்தூர் வரும்வரை செய்து பாருங்கள். நின்றுகொண்டே செய்யலாம், அருகிலிருப்பவருக்குத் தெரியவும் தெரியாது.

இதைப்பற்றி நமக்குப் பிரியமான ஒரு செய்தியும் உண்டு. இத்தாலியில் பவியா நகர ஆராய்ச்சியாளர்கள் 23 பேரை லத்தீன் மொழியில் அருள்நிறை மந்திரத்தை, பாதியை ஒருவரும் மீதியை மற்றவரும் மாறிமாறிச் சொல்லும்படி செய்து சோதித்தார்கள். அவர்களுடைய மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஆறு என்னும் அளவுக்கு இறங்கியது. இருதயத்தின் ஒழுங்கும் மேம்பட்டது. 2001 டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில் இது வெளியாயிற்று. திபெத்தியருடைய மந்திரம் ஒன்றைச் சொன்னபோதும் அதே பலன் கண்டதாக அவர்கள் எழுதியிருப்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஜெபமாலையின் ஞானப்பலனை மூச்சு அளக்கும் கருவி அளக்க முடியாது, அது வேறு. ஆனால் எட்டே நிமிஷத்தில் ஐம்பத்துமூன்று மணிகளையும் ரயில் வேகத்தில் உருட்டி முடிக்கிறவர்கள், நம் பாட்டிமார் இழுத்து இழுத்துச் சொன்னதன் அருமையைச் சற்றே யோசிக்கலாம்.

இரண்டாவது காரியம் இன்னும் முக்கியம். இறுக்கம் ஒருவரிடத்தில் தங்குவதில்லை. படியிறங்கும் தண்ணீர்போல் கீழே கீழே இறங்கும். கம்பெனியில் அதிகாரி திட்டுகிறார். அங்கே வாய்திறக்க முடியாத தகப்பன், குழம்பில் உப்பில்லை என்று மனைவியிடம் சீறுகிறார். அவள் அந்த ஆத்திரத்தைப் பிள்ளையின் முதுகில் இறக்குகிறாள். பிள்ளைக்குக் கீழே யார்? யாருமில்லை, ஆகையால் அது தன்னுள்ளேயே வைத்துக்கொள்கிறது. பசியில்லை என்கிறது, வயிற்றுவலி என்கிறது, படிப்பில் பின்தங்குகிறது. பெற்றோரே, உங்கள் அலுவலகத்தின் கோபத்துக்கு உங்கள் ஏழு வயதுக் குழந்தை விலை கொடுக்க வேண்டுமா?

இதற்கு ஒரு வழக்கம் ஏற்படுத்துங்கள். வெளியிலிருந்து வந்தவரிடம் முதல் அரை மணி நேரம் கடன், புகார், மதிப்பெண் எதையும் பேசுவதில்லை என்று வீட்டார் ஒப்புக்கொள்ளட்டும். முகம் கழுவி, உடை மாற்றி, ஒரு டம்ளர் காப்பி குடிக்கட்டும். நியாயமாகச் சொன்னால், வேலைக்குப் போய்வரும் மனைவிக்கும் இந்த அரை மணி உரியது. அவள் கைப்பையை வைத்த கையோடு அடுப்பங்கரைக்குள் நுழைகிறாள். காப்பியை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர் யாரென்று உங்களுக்கே தெரியும். ஆண்மக்களே, வெங்காயம் நறுக்குவதால் யாருக்கும் கௌரவம் குறைந்ததில்லை.

கடனைப்பற்றி ஒரு வார்த்தை. மனத்திற்குள் இருக்கும் கடன் எப்போதும் உண்மைக் கடனைவிடப் பெரியது. ஒரு காகிதத்தில் யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதி என்று எழுதுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதுங்கள். மறைத்து வாங்கிய கடன்தான் தூக்கத்தை முதலில் கெடுக்கிறது. இந்த வாரம் செய்யக்கூடியதை ஒருபுறமும், இப்போது ஒன்றும் செய்ய முடியாததை மறுபுறமும் பிரித்து வையுங்கள். படுக்குமுன் இதைச் செய்ய வேண்டாம், மாலையிலேயே முடித்துவிடுங்கள்.

நடையும் மருந்தே. ஓடுவதற்காகத் தயாரான உடம்பை நாற்காலியில் கட்டிப்போட்டால் அது எப்படி அடங்கும்? நம் ஊரில் 1985 முதல் இருக்கும் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா சுமார் 602 ஹெக்டேர் காடு. செவ்வாய்க்கிழமை தவிர, எப்போதாவது குடும்பத்தோடு போய் மரநிழலில் நடந்து வரலாம். தினசரி நடைக்கு நம் தெருவே போதும். செல்போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். இரவிலும் அதைத் தலையணைக்கு அருகில் வைக்காதீர்கள். "ஒரு குவார்ட்டர் போட்டால் டென்ஷன் போய்விடும்" என்கிறவர்களுக்கு: மது தூக்கத்தைச் சீக்கிரம் வரவழைத்து, பின்னிரவில் அதைக் கலைத்துவிடுகிறது, மறுநாள் மனம் முன்னைவிடக் கலங்குகிறது. இது மருத்துவர்கள் கண்ட உண்மை.

எலியாஸ் தீர்க்கதரிசியின் வரலாறு உங்களுக்குத் தெரியும். ஜெசபேலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு செடியின் நிழலில் விழுந்து, சாவு வந்தால் போதும் என்று மன்றாடினார். வந்த சம்மனசானவர் அவரைக் கண்டித்தாரா? அப்பமும் தண்ணீரும் வைத்து, உண்ணச் சொன்னார். எலியாஸ் மறுபடி தூங்கினார். மறுபடி எழுப்பி உண்ணச் செய்தார். பிறகுதான் பிரயாணம். நம் வீட்டில் ஒருவர் "செத்துப்போனால் நிம்மதி" என்று சொல்லும்போது நாம் என்ன செய்கிறோம்? "இப்படிப் பேசலாமா?" என்று அதட்டுகிறோம், அல்லது விளையாட்டென்று விட்டுவிடுகிறோம்.

விட்டுவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஒருவருக்குத் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல், அழுகையோ கோபமோ மாறாமல் இருந்தால், அது வெறும் இறுக்கமல்ல. டாக்டரிடம் காட்ட வேண்டிய நோயாக இருக்கலாம். காசநோய்க்கு மருந்து சாப்பிட யாரும் வெட்கப்படுவதில்லை. இதற்கு ஏன் வெட்கம்? சாக நினைப்பதாகச் சொன்னவரைத் தனியே விடாமல், பக்கத்தில் உட்கார்ந்து, குறுக்கிடாமல் கேளுங்கள். அன்றே உதவி தேடுங்கள். சென்னையில் 1986 முதல் சிநேகா என்னும் அமைப்பு இத்தகையவர்களுக்குச் செவிகொடுத்து வருகிறது. அரசாங்கத்தின் டெலி மானஸ் சேவை 2022 அக்டோபரில் தொடங்கிற்று. இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம். எண் 14416. சமையலறைக் காலண்டரின் ஓரத்தில், பிள்ளைகளுக்கும் தெரியும்படி, இன்றே பெரிய எழுத்தில் அதை எழுதி வையுங்கள்.