தாங்கலுக்குப் புதிதாக வருவோரை அன்போடு ஏற்போம்



சுவாமிதோப்பில் முத்திரிக்கிணற்றுத் தண்ணீரில் குளித்துவிட்டுத்தான் நாம் பதிக்குள் போகிறோம். கிணற்றுக்கும் குளத்துக்கும் சாதி பார்த்த காலத்தில், எல்லாச் சாதி மக்களையும் அந்த ஒரே கிணற்றில் சேர்த்தவர் அய்யா. அந்த வழியில் வந்த நாம், நம் நிழல்தாங்கலுக்குப் புதிதாக ஒருவர் வந்தால் எப்படி நடந்துகொள்கிறோம்? இதை முதலில் என்னிடமே கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, உச்சிப்படிப்பு தொடங்கும் நேரம். ஒரு வாலிபர் சட்டையோடு, தலைப்பாகை இல்லாமல் உள்ளே வந்துவிட்டார். பணிவிடை அவசரத்தில் இருந்த நான், “சட்டையக் கழத்தணும்னு தெரியாதா? தலையில துணி எங்க?” என்று சத்தம் போட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இனிமம் கொடுக்கும்போது தேடினேன், ஆளைக் காணோம்.

சில வாரம் கழித்து அவரைச் சந்தையில் பார்த்தேன். “அண்ணாச்சி, அம்மா எறந்ததுல இருந்து மனசு சரியில்ல. கூட வேல பாக்குறவர் சொன்னார்னு வந்தேன். மொறை தெரியாது. யார்ட்டயாவது கேக்கலாம்னு வெளிய ரொம்ப நேரம் நின்னேன். எல்லாரும் ஒங்களுக்குள்ளயே பேசிட்டு இருந்தீங்க” என்றார். தப்பு என்னுடையது என்று சொல்லி, மறுபடி வரும்படி அழைத்தேன். இன்றுவரை அவர் வரவில்லை.

முறையை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முறை நமக்கு உயிர். ஆனால் உள்ளே வந்தபின் அதட்டினால் அது அவமானம். வாசலிலேயே அன்பாகச் சொன்னால் அது உபசாரம். அன்றிலிருந்து, துவைத்து மடித்த துண்டுகள் சிலவற்றை வாசலில் வைத்திருக்கிறோம். படிப்புக்கு முன் ஒருவர் அங்கே நிற்கிறார்.

துண்டைக் கொடுக்கும்போதே காரணத்தையும் சொல்லுங்கள். தலைப்பாகை கட்ட உரிமை இல்லாமல் ஒடுக்கப்பட்டிருந்த மக்களைத் தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நிற்கச் சொன்னார் அய்யா. இதைக் கேட்டவர் அந்தத் துண்டைப் பெருமையோடு கட்டுவார். பள்ளியறையில் சிலையைத் தேடுபவரிடம், கண்ணாடி ஏன் இருக்கிறது, இறைவன் நமக்குள் இருக்கிறார் என்பதை இரண்டு வார்த்தையில் சொல்லுங்கள். படிப்பின்போது பக்கத்தில் உட்கார்ந்து, ஏட்டில் எந்த இடம் என்று விரலால் காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் கேட்காதீர்கள். ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டு, கடைசியில் சாதியில் போய் முடியும் அந்தக் கேள்வி வேண்டாம். பெயரைக் கேளுங்கள், போதும். அந்தப் பெயரை அடுத்த வாரம்வரை மறக்காதீர்கள். மனக்குறையோடு வருகிறவர்கள்தாம் அதிகம். அவர்களாகச் சொன்னால் காது கொடுங்கள். சொன்னது நம்மைத் தாண்டிப் போகக்கூடாது.

அன்னதானப் பந்தியில் அவரைத் தனியே விடாதீர்கள். இரண்டு மூன்று முறை வந்துவிட்டால், இலை போடவும் தண்ணீர் ஊற்றவும் கூப்பிடுங்கள். வேலை கொடுக்காமல் ஒதுக்கி உட்கார வைத்தால் அவர் என்றைக்கும் விருந்தாளிதான். வாளி கைக்கு வந்துவிட்டால் அவரும் தாங்கல் பிள்ளை. பெண்கள் வந்தால் நம் வீட்டுப் பெண்கள் முன்வந்து கைபிடித்து அழைத்துப் போகட்டும்.

தாழக் கிடப்பவரைத் தாங்குவதே நமக்குச் சொல்லப்பட்ட தர்மம். தாங்கல் என்ற பெயரே அதை நமக்கு நினைவூட்டட்டும். வருகிற ஞாயிறு, படிப்புக்குக் கால் மணி நேரம் முன்னதாக வாருங்கள். நமக்குள் பேசுவதைக் கொஞ்சம் நிறுத்தி, வாசலில் தயங்கி நிற்பவர் யாரேனும் உண்டா என்று பாருங்கள். அந்த வாலிபர் ஒருநாள் வருவார் என்று நானும் வாசலைப் பார்த்தபடி இருக்கிறேன்.

அய்யா துணை.