ஓய்வும் பயிற்சியே

பொதிகை மலையிலே தோன்றிப் பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்கும் தாமிரபரணி, அம்பாசமுத்திரத்தையும் கல்லிடைக்குறிச்சியையும் கடந்து முக்கூடலை அடைகின்றது. ஆற்றுநீர் பாயும் அப்பகுதி வயல்கள் இருபோகம் விளையும் இயல்பின. ஆனி மாத அளவில் தொடங்குவது கார்ப் போகம். ஐப்பசி அளவில் தொடங்குவது பிசானம். பிசான அறுவடை முடிந்த பின்னர்க் கோடையில் வயல்கள் பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கும். அவ்வழியே செல்லும் புதியவர் ஒருவர், “இத்துணை நல்ல நிலம் வீணாகக் கிடக்கின்றதே!” என்று இரங்கவும் கூடும். உழவர் அவ்வாறு நினையார். கோடை மழை பெய்ததும் உழுது மண்ணைப் புரட்டுவர், ஆட்டுக்கிடை அமர்த்துவர், தழையுரம் இடுவர். அடுத்த போகத்திற்கான வளம் இந்த ஓய்வுக் காலத்திலே சேர்கின்றது என்பதை அவர்கள் நன்கு அறிவர்.

நம் உடலும் அவ்வயலைப் போன்றதே. உடற்பயிற்சி வேண்டும் என்பதை அறியாதார் இலர். ஆனால், பயிற்சிக்கு இடையே ஓய்வு நாள் வேண்டும் என்பதை அறிந்தோர் சிலரே. அறிந்தும் அதனைக் கடைப்பிடிப்போர் அவரினும் சிலர்.

பள்ளியின் விளையாட்டு விழா நெருங்குகின்றது. முக்கூடல் மாணவன் ஒருவன் ஓட்டப் பந்தயத்தில் முதற் பரிசு பெற விழைகின்றான் என்று கொள்வோம். அவன் நாள்தோறும் வைகறையில் எழுந்து ஆற்றங்கரையில் ஓடுகின்றான்; மாலையில் சடுகுடு ஆடுகின்றான். வாரத்தில் ஒரு நாளும் ஓய்வதில்லை. முதல் வாரத்தில் அவன் ஓட்டம் விரைவு பெறுகின்றது. மூன்றாம் வாரத்தில் கால்கள் கனக்கின்றன, உறக்கம் கெடுகின்றது, ஓட்டமோ மந்தமாகின்றது. ‘என் முயற்சி போதவில்லை’ என்று எண்ணி, அவன் மேலும் ஒரு மைல் கூட்டி ஓடுகின்றான். முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பில் வலி தோன்றுகின்றது. அதனையும் பொறுத்துக்கொண்டு ஓடுகின்றான். விழா நாளன்று பந்தயத்தில் அவனைக் காணோம். பார்ப்போர் கூட்டத்தில் அவன் அமர்ந்திருக்கின்றான். அவனிடம் ஊக்கம் குறைவா? இல்லை. உழைப்புக் குறைவா? அதுவும் இல்லை. பயிற்சியின் ஒரு பாதியை மட்டுமே அவன் செய்தான். மறுபாதியாகிய ஓய்வை விட்டுவிட்டான்.

ஓய்வு எவ்வாறு பயிற்சியின் பாதியாகும்? கடுமையாகப் பயிலும்போது தசை நார்களில் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. பழகாத பயிற்சியைச் செய்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் உடல் வலிப்பது இதனால்தான். உடல் அச்சிதைவுகளைச் செப்பனிடுகின்றது. செப்பனிடும்போது நார்களை முன்னினும் உறுதியாக ஆக்குகின்றது. கடும் பயிற்சிக்குப் பின் ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை இவ்வேலை மிகுதியாக நடைபெறும். தசையில் சேமித்துள்ள சர்க்கரைப் பொருளும் நெடுநேர ஓட்டத்தில் பெரும்பாலும் செலவாகிவிடுகின்றது. நன்றாக உண்டாலும் அது மீண்டும் நிரம்ப ஏறத்தாழ ஒரு நாள் வேண்டும். ஆகவே, பயிற்சி உடலுக்கு விடுக்கும் அழைப்பே ஆகும். அவ்வழைப்பை ஏற்று உடல் வலிமை பெறுவது ஓய்விலும் உறக்கத்திலுமே.

எலும்பின் செய்தி இன்னும் வியப்பானது. எலும்பு கல்லைப்போல் மாறாத பொருள் அன்று, அது உயிருள்ளது. மிகுந்த சுமை தாங்கும்போது, நைந்த பகுதியை உடல் முதலில் அரித்து அகற்றுகின்றது. பின்னரே அவ்விடத்தில் புதிய எலும்பைக் கட்டுகின்றது. அகற்றும் வேலை சில வாரங்களில் முடியும். கட்டும் வேலைக்கோ மாதங்கள் ஆகும். பழைய சுவரை இடித்துப் புதுச் சுவர் எழுப்பும் வீட்டில், இடித்த அன்றே கூரையின் சுமையை ஏற்றலாமா? இடைவிடாது ஓடுபவன் அதனையே செய்கின்றான். 1855ஆம் ஆண்டில் பிரைட்ஹாப்ட் என்னும் பிரஷ்ய நாட்டுப் படை மருத்துவர், நெடுந்தொலைவு அணிநடை பயின்ற வீரர்களின் பாதங்களில் வீக்கமும் வலியும் தோன்றுவதை எழுதிவைத்தார். அவ்வலிக்குக் காரணம் எலும்பில் விழுந்த விரிசல் என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. அவ்வீரர்கள் எவரும் உயரத்திலிருந்து விழவில்லை. நடந்து நடந்தே அத்துன்பத்தை அடைந்தனர். சிறு சுமையும் அளவின்றிச் சேர்ந்தால் வண்டியின் அச்சை முறிக்கும் என்னும் கருத்தை வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் வைத்திருப்பது ஈண்டு எண்ணத்தக்கது.

செக்கோஸ்லோவாக்கிய நாட்டு ஓட்ட வீரர் எமில் சாட்டோபெக் என்பாரின் வாழ்வில் நிகழ்ந்ததொன்றைக் காண்போம். கடும் பயிற்சிக்குப் பெயர்பெற்றவர் அவர். 1950ஆம் ஆண்டு பிரஸ்ஸல்ஸ் நகரில் ஐரோப்பியப் போட்டிகள் நடைபெறுவதற்குச் சற்று முன்னர், அவர் நோயுற்று மருத்துவமனையில் படுத்துவிட்டார். பயிற்சி நின்றது. மருத்துவமனையினின்று வெளிவந்த சில நாளில் களம் இறங்கிய அவர், 5,000 மீட்டர், 10,000 மீட்டர் ஆகிய இரண்டு ஓட்டங்களிலும் முதலிடம் பெற்றார். நோய் அவருக்கு வலிமை தரவில்லை. நெடுநாள் உழைப்பால் அவர் ஈட்டிய வலிமை, ஓய்வு கிடைத்ததும் வெளிப்பட்டது. போட்டிக்கு முந்திய நாள்களில் பயிற்சியைக் குறைத்துக்கொள்ளும் முறையை இன்று உலகெங்கும் வீரர்கள் கைக்கொள்கின்றனர்.

ஓய்வு என்றவுடன் சோம்பல் என்று பொருள் கொள்வாரும் உளர். உழைப்பையே வாழ்வாகக் கொண்ட நம் முன்னோர் அவ்வாறு கருதவில்லை. வாரந்தோறும் எண்ணெய் முழுகும் வழக்கம் நம்மிடையே உண்டு. அன்று கடும் வேலை ஆகாது என்பர் முதியோர். அமாவாசையன்று ஏர் பூட்டாத ஊர்கள் பல. 1908ஆம் ஆண்டு தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர். ஊதிய உயர்வோடு அத்தொழிலாளர்கள் வேண்டியவற்றுள் வார விடுமுறையும் ஒன்று. அப்போராட்டம் வென்றது. ஓய்வு நாளின் அருமையை உணர்ந்தவர்கள் சோம்பேறிகள் அல்லர், உழைப்பாளிகளே ஆவர்.

இனி, மாணவர் செய்யத்தக்கது யாது? வளரும் பருவத்தார் வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ கடும் விளையாட்டுப் பயிற்சியினின்று விலகியிருத்தல் வேண்டும் என அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் அறிவுறுத்துகின்றது. அந்நாளில் படுத்தே கிடத்தல் வேண்டுவதில்லை. உலக நலவாழ்வு நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைப்படி, மாணவர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமேனும் உடல் இயங்குதல் நன்று. ஆகவே, ஓய்வு நாளில் தோழருடன் மெல்ல நடக்கலாம். மிதிவண்டியில் கடைத்தெருவுக்குச் சென்று வரலாம். தோட்டத்துச் செடிகளுக்கு நீர் வார்க்கலாம். விரைவும் பளுவும் போட்டியும் அன்று வேண்டா. 13 முதல் 18 வயது வரை உள்ளவர் இரவில் 8 முதல் 10 மணி நேரம் உறங்குதலும் இன்றியமையாதது. ஓரிடத்தில் வலி தோன்றி, ஓடுந்தோறும் மிகுமாயின், அதனை வீரத்திற்கு வந்த சோதனையாகக் கருதாமல் ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் உடனே கூறி, மருத்துவரை நாடுதல் வேண்டும்.

ஓடுவதற்கு ஊக்கம் வேண்டும். ஓட விரும்பும் கால்களை ஒரு நாள் நிறுத்தி வைப்பதற்கோ அதனினும் மிக்க மனவுறுதி வேண்டும். கோடையிலே வெறுமையாகக் கிடந்த வயலில் கார் நாற்று வேர் கொள்கின்றது. அதன் பசுமையைக் கண்டு மகிழ்வோர், அந்நிலம் ஓய்ந்திருந்த நாள்களையும் நினைத்தல் வேண்டும்.